கடிதத்தால் ஒரு சபையைக் கட்டிய இஞ்ஞாசியார்

தமிழெழுத்தில் அச்சிடப்பட்டு இன்று நம் கைக்குக் கிடைக்கும் நூல்களுள் காலத்தால் முற்பட்டது, 1578 இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம் என்று என் மாணவர்க்குப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றேன். அந்நூலை ஆக்கிய அண்டிறீக் அடிகளார் போர்த்துக்கல் நாட்டவர். 1546 இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே அரை நூற்றாண்டு வாழ்ந்து, 1600 இல் இவ்வுலகை நீத்தவர். அவர் வரலாற்றைத் தேடிப் படித்தபொழுது ஒரு செய்தி என் கருத்தைக் கவர்ந்தது. 1548 ஒக்டோபர் இறுதியில், வேம்பாறு என்னும் கடற்கரையூரிலிருந்து அவர் ஒரு கடிதம் வரைந்தார். மொழிபெயர்ப்பாளரை நம்பியிருந்து அலுத்துப்போன தாம், தமிழ் வினைகள் காலங்காட்டி நடக்கும் முறையையும், பெயர்கள் வேற்றுமை ஏற்கும் முறையையும் இலத்தீன் இலக்கணத்தின் வழியே ஒழுங்குசெய்து கற்றுக்கொண்டதை அதில் விரித்துரைத்தார். கடிதம் சென்ற இடம் உரோமாபுரி. அதனைப் பெற்றவர் இஞ்ஞாசியார்.

இலக்கணம் கற்பித்தே காலங்கழிக்கும் எனக்கு இது வியப்பாயிற்று. தமிழ் நாட்டைக் கண்ணாலும் கண்டிராத ஒருவர், தமிழ் வினையின் விகற்பங்களை எதற்காக அறிய வேண்டும்? ஆறு மாதக் கடற்பயணத்துக்கு அப்பாலிருந்த ஓர் ஆசான், தம் மாணாக்கன் எந்தச் சொல்லிடத்து இடர்ப்பட்டான் என்பதைக் கேட்டிருக்கும் நிலை எவ்வாறு உண்டாயிற்று? இவ்வினாக்களுக்கு விடை தேடியே நான் இஞ்ஞாசியாரின் வரலாற்றுக்குள் நுழைந்தேன். அவர்தம் சமயக் கொள்கைகளை ஆராய்தல் இங்கு என் நோக்கமன்று. உலகெங்கும் சிதறிக் கிடந்த மனிதரை ஏட்டையும் எழுத்தையுங் கொண்டு ஒருவர் எவ்வாறு கட்டிக் காத்தார் என்பதே யான் சொல்லப்புகுந்த பொருள்.

வாளும் எழுதுகோலும்

இஞ்ஞாசியார் 1491 இல் ஸ்பானிய தேசத்தின் வடபாலுள்ள பாஸ்க்கு நாட்டில், லொயோலா என்னும் கோட்டை வீட்டிற் பிறந்தார். இளமைப் பெயர் இனிகோ. குடும்பத்தின் கடைக்குட்டி. இளம்பருவத்திலேயே அரச பொக்கிஷ அதிகாரி ஒருவரின் மாளிகைக்குப் பணிபயில அனுப்பப்பட்டார். வாட்போரும் குதிரையேற்றமும் அரசவை நடைமுறைகளும் அவர் அங்கே கற்றவை. அவற்றோடு மற்றொன்றும் அவர் கைக்கு வந்தது: அழகிய கையெழுத்து. பிற்கால வாழ்வில் வாள் உதவவில்லை, கையெழுத்தே உதவிற்று.

1521 மே 20 ஆம் நாள் பம்ப்லோனாக் கோட்டையில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்றபொழுது பீரங்கிக் குண்டு ஒன்று அவர் காலை முறித்தது. வீட்டிற் படுத்த படுக்கையாயிருந்த அவர், பொழுது போக்க வீரகதைகள் கேட்டார். கிடைத்தவை கிறிஸ்துவின் சரிதமும் அடியார் வரலாறுகளுமே. படித்தவற்றுள் தம் மனத்தைத் தொட்டவற்றைப் பொறுக்கி, ஏறத்தாழ முந்நூறு தாள் கொண்ட ஓர் ஏட்டிலே, கிறிஸ்துவின் மொழிகளைச் செந்நிற மையாலும் அவர் அன்னையின் மொழிகளை நீல மையாலும் எழுதி வைத்தார். எது தலைமையானது, எது சார்ந்தது என்று பிரித்தெழுதும் அப்பழக்கத்தை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக. பின்னர் அது வேறொரு வடிவில் வரும்.

நலம்பெற்றபின் மொன்செராற் மலைக்கோயிலில் வாளைக் கழற்றி வைத்தார்; மன்றேசாவில் தவமிருந்தார்; 1523 இல் எருசலேம் சென்று மீண்டார். பின்பு, முப்பத்து மூன்று வயதில், பார்சிலோனாவிலே சிறுவர்களோடு ஒரே வாங்கில் அமர்ந்து இலத்தீன் அரிச்சுவடி தொடங்கினார். ஆசிரியராயிருப்போர் இச்செய்தியை நினைந்து மகிழலாம். அல்கலாவிலும் சலமங்காவிலும் படிக்கும்போது, மக்களுக்கு அவர் சொல்லிய உபதேசங்களில் ஐயுற்ற சமய விசாரணையாளர் அவரைச் சிறையிலிட்டனர். குற்றம் இல்லையெனப் பின்பு விடுவித்தனர். ஒரு சொல் கேட்போர் காதிலே எத்தனை பொருள் பெறும் என்பதை அச்சிறைகளிலேதான் அவர் கற்றிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

1528 இல் பாரிசுச் சர்வகலாசாலையை அடைந்தார். அங்கே ஒரே அறையில் உடனுறைந்தவர்கள் பேதுரு பேபரும் பிரான்சிஸ் சவேரியாரும். 1534 ஓகஸ்ட் 15 ஆம் நாள் மொன்மார்த்தர்க் குன்றிலே எழுவர் கூடி ஏழ்மையும் கற்பும் காப்பதாக நேர்ந்துகொண்டனர். லயினெஸ், சல்மெரோன், பொபடில்யா, சிமோன் ரொட்ரிகஸ் என்போர் ஏனையோர்.

பிரிவினாற் பிறந்த சபை

1538 அளவில் இத்தோழர்கள் உரோமாபுரியில் இருந்தனர். அவர்தம் கல்வியையும் ஒழுக்கத்தையும் கண்ட பாப்பரசர் ஒருவரை ஓரிடத்துக்கும் மற்றொருவரை வேறோரிடத்துக்கும் அனுப்பத் தொடங்கினார். 1539 இல், பிரிந்து செல்லுமுன், அவர்கள் இரவுதோறும் கூடி ஆலோசித்தனர். எடுத்துக்கொண்ட முதல் வினா, உடல்கள் நாற்றிசையும் பிரியினும் தாம் ஓர் உடம்பாகவே இருத்தல் வேண்டுமா என்பது. வேண்டும் என்று விரைவிலே முடிவாயிற்று. இரண்டாவது வினா, தம்முள் ஒருவனுக்குக் கீழ்ப்படிதல் வேண்டுமா என்பது. இதற்குப் பல நாட்கள் சென்றன. முடிவிலே அதற்கும் உடன்பட்டனர். 1540 செப்டெம்பர் 27 ஆம் நாள் பாப்பரசர் மூன்றாம் பவுல் இயேசு சபையை அங்கீகரித்தார். அடுத்த ஆண்டு ஏப்ரிலில் இஞ்ஞாசியார் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

இங்கே ஒரு வேறுபாட்டை உற்று நோக்க வேண்டும். பழைய துறவியர் மடங்களில் எல்லோரும் ஒரு கூரையின் கீழ் உறைவர்; மணி ஒலித்ததும் ஒன்றுகூடிப் பாடி வழிபடுவர்; ஒருவன் வராவிடின் அவனிடம் வெற்றிடமாய்க் கிடக்கும். தலைவன் கண்ணே கட்டுப்பாடு. இயேசு சபையாரோ கூடிப் பாடும் அக்கடமையை வேண்டாவென விட்டனர். வழியே அவர்க்கு வீடாயிற்று. சவேரியார் 1540 மார்ச்சிலே, சபை அங்கீகாரம் பெறு முன்னரே, உரோமாபுரியை விட்டுப் புறப்பட்டு, 1542 மே மாதம் கோவாவை அடைந்துவிட்டார். கண் காணாத இடத்திலும் காது கேளாத இடத்திலும் உள்ளவரை ஒரு சபையாக வைத்திருப்பது எப்படி? மடத்து மணியின் இடத்தைக் கடிதத்துக்கு அளித்தார் இஞ்ஞாசியார். தலைவரான பின்பு உரோமாபுரியை விட்டு அவர் வெளிச்சென்றது மிக அரிது. வயிற்று நோயோடு சில சிறிய அறைகளுள்ளே பதினைந்து ஆண்டுகள் இருந்து அவர் செய்த தலைமைத் தொழில் கடிதம் எழுதலும் கடிதம் வாங்கலுமேயாம். இன்று அச்சில் உள்ள அவர் கடிதங்கள் ஆறாயிரத்து எண்ணூறு வரையில். பன்னிரண்டு பெருந்தொகுதிகளாக அவை 1903 முதல் 1911 வரை வெளியாயின.

காட்டும் கடிதமும் காட்டாக் கடிதமும்

தொடக்கத்தில் அவருக்கு வந்த கடிதங்கள் அவரை வருத்தின. தோழர்கள் நினைத்ததை நினைத்தவாறே எழுதினர். நற்செய்தியும் மனக்குறையும், மருந்துச் செலவும் மறைப்பணியும் ஒரே தாளிற் கலந்து வந்தன. சபையின் நண்பர்களான கர்தினால்மாரும் பிரபுக்களும் உங்கள் தோழர் என்ன எழுதியிருக்கிறார், காட்டுக என்று கேட்கும்போது காட்டவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் இஞ்ஞாசியார் இடர்ப்பட்டார்.

1542 டிசம்பரில், ஜெர்மனியிலிருந்த பேபருக்கு அவர் ஒரு விதியை வற்புறுத்தி எழுதினார். ஒவ்வொருவரும் தலைமைக் கடிதம் ஒன்று எழுத வேண்டும். அது எவரிடத்தும் காட்டத்தக்கதாயிருக்க வேண்டும். ஒருமுறை எழுதித் திருத்தி, மறுமுறை செம்மையாக எழுதுதல் வேண்டும்; ஏனெனில் வாய்ச்சொல்லைப் போல எழுத்தை எளிதில் மாற்ற முடியாது. தாமும் அவ்வாறே செய்வதாகக் கூறினார். உடல்நலம், பணமுடை, ஆட்களைப்பற்றிய அபிப்பிராயம், மனக்கசப்பு ஆகியன தனித்தாளில் வேறாக எழுதப்படல் வேண்டும். இத்தனித்தாளுக்கு ஸ்பானிய மொழியிலே மகள் என்னுஞ் சொல்லின் சிறுமை வடிவமே பெயர். தாய்க் கடிதத்தின் மடியில் ஒடுங்கிவரும் சிறுமகள் என்று நாம் கொள்ளலாம். செம்மையும் நீலமுமாகப் பிரித்தெழுதிய அதே கை இங்கும் பிரித்தெழுதக் கற்பிப்பதைக் காண்கின்றோம்.

சிலப்பதிகாரம் பயின்றோர்க்கு இவ்விடத்தே மாதவியின் ஓலை நினைவுக்கு வரும். கோவலனுக்கென எழுதிக் கோசிகமாணி கையிற் கொடுத்தனுப்பிய ஓலையை அவன் படித்து, இதன் பொருள் என் பெற்றோர்க்கும் ஏற்புடைத்தென்று கண்டு, அவ்வோலையையே அவர்களிடங் காட்டுமாறு திருப்பி அனுப்பினான். ஒருவர்க்கெழுதியது பிறர் கண்ணிற்படினும் எழுதியவர்க்கு இழுக்காகாமை ஒரு பண்பு. மாதவிக்கு அது இயல்பாக அமைந்தது. இஞ்ஞாசியார் அதனைச் சபை முழுவதற்கும் சட்டமாக்கினார்.

எல்லோரும் இச்சட்டத்தை விரும்பினரல்லர். ஆரம்பத் தோழருள் ஒருவரான பொபடில்யா முன்கோபக்காரர்; வெளிப்படையானவர். தலைவரின் நீண்ட கடிதங்களைப் படிக்கத் தமக்கு நேரமில்லை என்று எழுதிவிட்டார். 1543 இல் இஞ்ஞாசியார் அளித்த மறுமொழி தலைமை தாங்குவோர் யாவரும் படிக்கத்தக்கது. அதிலே அதட்டல் இல்லை. தோழரின் கடிதங்களைப் பலமுறை படிக்கத் தமக்கு நேரமும் விருப்பமும் உண்டென்றும், தம் எழுத்திற் குறையிருப்பின் திருத்திக்கொள்ள ஆயத்தமென்றும் பணிவோடு உரைத்தார். ஆனால் விதியை மாத்திரம் அவர் தளர்த்தவில்லை.

1547 இல் பொலாங்கோ என்னும் ஸ்பானியர் காரியதரிசியானார். முன்னர்ப் பாப்பரசரின் எழுத்து மண்டபத்திலே பணி பார்த்தவர். அவ்வாண்டு யூலையிலே அவர் சபையெங்கும் அனுப்பிய சுற்றுநிருபம், இடையறாது கடிதம் எழுதுதற்குரிய காரணங்கள் இருபதை எண்ணிக் காட்டியது. சபையின் ஒற்றுமை, ஒருவர்க்கொருவர் அன்பு, தனித்திருப்போர்க்கு ஆறுதல், மேலோர்க்கு நல்லாட்சி செய்ய வேண்டிய அறிவு, புறத்தாரின் நல்லெண்ணம் என அவை விரியும். அன்பும் ஆட்சியும் ஒரே பட்டியலில் அருகருகே நிற்றல் கருதத்தக்கது. அனுப்பிய கடிதங்களுக்குப் பதிவேடு வைத்தவரும் அவரே. ஆறாயிரத்துச் சொச்சத்துள் பெரும்பகுதி அவர் காலத்தது.

கீழிருந்து மேலே

ஆட்சி என்றால் மேலிருந்து கட்டளை இறங்குதல் என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். இஞ்ஞாசியார் வகுத்த சபைச் சட்டங்களைப் பார்த்தால், கீழிருந்து மேலே ஏறும் எழுத்துக்கே அதிக இடம் அளித்திருக்கக் காணலாம். இல்லத் தலைவர் மாகாணத் தலைவருக்கு வாரந்தோறும் எழுத வேண்டும். மாகாணத் தலைவர் உரோமாபுரிக்கு அண்மையராயின் வாரந்தோறும், வேற்று நாட்டினராயின் மாதந்தோறும் பெருந்தலைவருக்கு எழுத வேண்டும். மேலிருந்து கீழே செல்ல வேண்டிய கடிதமோ சாதாரணமாக மாதம் ஒன்று. நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் இல்லமும் நற்செய்திகளைத் திரட்டி நாட்டுமொழியில் ஒன்றும் இலத்தீனில் ஒன்றுமாகக் கடிதம் எழுத வேண்டும். அது பிரதி செய்யப்பட்டு ஏனை இல்லங்களுக்கும் செல்லும். அந்நான்கு மாதத்திலேயே இல்லத்தில் உள்ளோர் பெயர்ப்பட்டியலும் அனுப்பப்படல் வேண்டும்.

ஆகவே, சிசிலியிலுள்ள ஒருவன் ஜெர்மனியிலுள்ளான் செய்ததைப் படித்தான். தன் இல்லத்துச் செய்தியும் நாளை பிறர் கையில் இருக்கும் என்பதை அறிந்தே அன்றைய வேலையைச் செய்தான். ஒருவர் செயலை மற்றவர் கண்முன் வைப்பதே காவலுமாயிற்று, ஊக்கமுமாயிற்று. அதற்குமேல், ஒவ்வொருவனும் தன் உள்ளத்தின் நிலையையும் தலைவனுக்குத் திறந்து காட்ட வேண்டும் என்பது சட்டம். எவனை எங்கே அனுப்புவதென்று தெரிந்து அனுப்புதற்கு அது வேண்டும் என்றார்.

இக்கட்டு எங்கும் இறுக்கமாகவே இருந்ததென்று நினைத்தல் கூடாது. 1541 இல் அயர்லாந்துக்குச் சென்ற இருவர்க்கும், 1546 இல் திரெந்துப் பெருஞ்சங்கத்துக்குச் சென்ற லயினெஸ் முதலியோர்க்கும் அவர் எழுதிக் கொடுத்த அறிவுரைகள் பிழைத்திருக்கின்றன. குறைவாகப் பேசுக, நெடிது கேட்க என்பது முன்னையதன் சாரம். இரவுதோறும் ஒரு மணிநேரம் கூடி, அன்று செய்ததையும் மறுநாட் செய்வதையும் ஆராய்க, உங்களுள் ஒருவன் தன் குறைகளைச் சொல்லித் திருத்துமாறு மற்றவரைக் கேட்க என்பது பின்னையதில் உள்ளது. தூரநாட்டார்க்கு எழுதும்போது காரியத்தை விரித்துரைத்துவிட்டு, இடமும் காலமும் நோக்கித் தக்கதைச் செய்க என்று முடிவை அங்குள்ளார் கையிலே விட்டுவிடுதல் அவர் வழக்கம். கட்டளை சென்று சேருமுன் நிலைமை மாறிவிடும் என்பதை அவர் அறிவார்.

ஆயினும் கட்டு தளர்ந்த இடத்தில் அவர் குரல் கடுமையாயிற்று. போர்த்துக்கல்லிலே பழைய தோழர் சிமோன் ரொட்ரிகஸ் தம் விருப்பப்படி ஆண்டு வந்தார். அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டபொழுது அம்மாகாணமே குழம்பிற்று. பலர் சபையை விட்டு நீங்கினர். 1553 மார்ச் 26 ஆம் நாளிட்டு அந்நாட்டாருக்கு இஞ்ஞாசியார் விடுத்த கடிதம் கீழ்ப்படிதலைப்பற்றியது. செயலாற் கீழ்ப்படிதல், விருப்பத்தாற் கீழ்ப்படிதல், அறிவாலும் கீழ்ப்படிதல் என மூன்று படிகளை அது வகுக்கின்றது. அறிவையும் கொடுத்துவிடு என்பது நம்மிற் பலர்க்கு ஒவ்வாத உபதேசம், எனக்கும் ஒவ்வாது. ஆனால் அதே கடிதத்தில், மாறான கருத்துத் தோன்றின் ஆய்ந்து தெளிந்து மேலோனுக்கு எடுத்துரைக்கலாம் என்று ஒரு வாயிலும் திறந்திருக்கின்றது. அவ்வாயிலை அவர் அடைத்திருந்தாராயின் கீழிருந்து வரும் கடிதங்கள் வெறும் முகமன் உரைகளாய் முடிந்திருக்கும்.

கடலும் கப்பலும்

இனி நம் கடற்கரைக்கு வருவோம். லிஸ்பனிலிருந்து இந்தியக் கப்பல்கள் ஆண்டுக்கொருமுறை மார்ச், ஏப்ரில் மாதங்களிற் புறப்படும். காற்று வாய்ப்பின் செப்டெம்பரில் கோவாவை எட்டும். மீளும் கப்பல்கள் ஆண்டின் முடிவையொட்டிக் கொச்சியிலிருந்து பாயெடுக்கும். ஒரு கேள்விக்கு மறுமொழி வர இரண்டு ஆண்டுகளேனும் ஆகும். கப்பல் மூழ்கினும் கடிதம் மூழ்காதிருக்க, ஒரே கடிதத்தைப் பல பிரதி செய்து வெவ்வேறு கப்பல்களில் ஏற்றினர்.

சவேரியார் 1544 தொடக்கத்திற் கொச்சியிலிருந்து முத்துக்குளித்துறை மக்களைப்பற்றி எழுதிய கடிதம் மறு ஆண்டே பாரிசில் அச்சேறிற்று. மன்னாரிலே கிறிஸ்தவரானவர்களை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி கொல்வித்த செய்தியும், அவனைத் தண்டிக்கப் போர்த்துக்கேயர் படை செல்லும் என்னும் எதிர்பார்ப்பும் அவர் 1545 சனவரிக் கடிதத்தில் உள்ளன. அப்படை 1560 இலே நல்லூருக்கு வந்ததை நாம் அறிவோம். கடிதங்கள் வெறும் பக்திச் செய்திகளை மட்டும் சுமந்து சென்றன அல்ல என்பதற்கு இதுவே சான்று. எங்கள் மன்னனைப்பற்றியும் மக்களைப்பற்றியும் பல ஐரோப்பியர் முதன்முதற் படித்தது அக்கண்களாற் பார்த்து, அக்கைகளால் எழுதப்பட்டதையே. பரதவரோ மன்னாரோ தம் வாயாற் சொல்லியது அக்கப்பல்களில் ஏறவில்லை.

இவ்வளவையும் சொன்ன நான் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1546 இல் மலுக்குத் தீவுகளிடையே அம்போயினாவில் இருந்தபொழுது, தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்தம் கையொப்பங்களைக் கத்தரித்தெடுத்துத் தம் மார்பிலே சுமந்து திரிவதாகச் சவேரியார் எழுதினார். 1552 சனவரியிலே கொச்சியில் இருந்தபொழுது இஞ்ஞாசியாரின் கடிதத்தைக் கண்ணீரோடு படித்ததாகவும், என்றும் மறவாத நான் என்று அவர் கையொப்பமிட்டிருந்ததைத் திரும்பத் திரும்ப எண்ணியதாகவும் மறுமொழி எழுதினார். அலுவலக விதிக்கு உட்பட்டு, திருத்தித் திருத்தி எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் அடியில், விதிக்குள் அடங்காத அவ்வொரு வரி பல்லாயிரங் காதம் கடந்து சென்று ஒரு மனிதனைத் தாங்கியிருக்கின்றது.

1553 யூன் 28 ஆம் நாள் இஞ்ஞாசியார் சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்புமாறு அழைத்து எழுதினார். இந்தியாவின் தேவைகளை நேரிற் சொல்லவல்லவர் அவரே என்பது காரணங்களுள் ஒன்று. ஆனால் சவேரியார் 1552 டிசம்பர் 3 ஆம் நாளே சீனக் கரைக்கு அணித்தான ஒரு தீவில் இறந்துவிட்டார். கட்டளை எழுதப்பட்டபோது அவர் மறைந்து ஏறக்குறைய ஏழு மாதங்கள் கழிந்திருந்தன. 1554 பெப்ரவரியிலே கோவாவிலிருந்த கஸ்பார் பெர்சே என்பவருக்கு இஞ்ஞாசியாரின் பெயரால் மற்றொரு கடிதம் புறப்பட்டது. அந்நாட்டுக் கோடைப் பகல் எவ்வளவு நீளம், நிழல் எப்பக்கம் விழும், மக்கள் உண்பதும் உடுப்பதும் யாவை என்று உரோமாபுரிப் பெரியோர் அறிய விரும்புகின்றனர். எழுதுக என்பது செய்தி. பெர்சேயும் 1553 ஒக்டோபரிலேயே காலமாகிவிட்டார். அண்டிறீக் அடிகளார் தமிழ் இலக்கணத்தை உரோமாபுரிக்கு எழுதியதன் காரணம் எனக்கு இவ்விடத்தே விளங்கிற்று. அங்கே கேட்கும் காது ஒன்று எப்போதும் திறந்திருந்தது. இறந்தவரிடத்தும் அது கேட்டுக்கொண்டிருந்தது.

என் அநுபவம் ஒன்று

சிறியேன் சில ஆண்டுகள் ஒரு சிறு சங்கத்துக்குக் காரியதரிசியாயிருந்தேன். அங்கத்தவர் இலங்கையின் பல பாகங்களிலும் உத்தியோகம் பார்த்தனர். கூட்ட அறிவித்தலும் சந்தா நினைவூட்டலும் தவறாது அனுப்பினேன். என் நிருபங்களிற் சந்திப்பிழையும் இராது. ஆனாலும் கூட்டத்துக்கு வருவோர் ஆண்டுதோறும் குறைந்தனர். ஒருமுறை வவுனியாவிலிருந்த ஓர் அன்பர், உங்கள் கையெழுத்தைக் கண்டாலே மடிசீலையைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது, நாங்கள் எப்படியிருக்கிறோம் என்று ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லையே என்று எழுதினார். அன்று சற்றுச் சினந்தேன். இஞ்ஞாசியாரின் வரலாற்றைப் படித்தபின், அவர் கூறியது மெய்யென்று ஒப்புகின்றேன். நான் அனுப்பியவை எல்லாம் இறங்கும் கடிதங்கள். ஏறும் கடிதத்துக்கு நான் வழி வைக்கவில்லை.

அதனால் இஞ்ஞாசியாரின் முறை குற்றமற்றதென்று நான் கூறவில்லை. காட்டத்தக்கது, காட்டத்தகாதது என்று பிரித்ததால், நல்லனவே உலகமெங்கும் பரவின. புண்கள் தனித்தாளில் மறைந்து உரோமாபுரிப் பேழையில் உறங்கின. எழுதுவோனுக்கும் நாளடைவில் நல்லதையே காணும் கண் வந்துவிடும். ஒவ்வொருவரையும் ஒவ்வொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் சபையில் அமைதியும் உண்டு, அச்சமும் உண்டு. தாபனங்களை நடத்துவோர் இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

கடைசித் தபால்

1556 யூலை 30 ஆம் நாள், வியாழக்கிழமை. இஞ்ஞாசியார் பொலாங்கோவை அழைத்து, பணிவிடை செய்பவனை வெளியே அனுப்பிவிட்டு, தமக்கு முடிவு நெருங்கிவிட்டதென்றும், பாப்பரசரிடஞ் சென்று அறிவித்து ஆசி பெற்று வருமாறும் வேண்டினார். வைத்தியர்கள் அபாயம் இல்லை என்றிருந்தனர். ஸ்பானிய தேசத்துக்குரிய தபால் ஜெனோவா வழியாக அன்று மாலை செல்ல வேண்டும். எழுதவேண்டிய கடிதங்கள் மேசையிற் கிடந்தன. நாளை சென்றால் ஆகாதா என்று பொலாங்கோ கேட்டார். நாளையினும் இன்று நன்று, ஆனாலும் உமக்குத் தக்கதெனத் தோன்றுவதைச் செய்க என்று இஞ்ஞாசியார் விடையளித்தார். தூரத்திலிருந்தோர்க்கெல்லாம் எழுதிய அதே முடிவுரையை அருகிலிருந்தவர்க்கும் சொன்னார்.

பொலாங்கோ கடிதங்களை எழுதி முடித்தார். விடியற்காலையிற் சென்று பார்த்தபொழுது தலைவர் மரணத் தறுவாயிலிருந்தார். பாப்பரசரிடம் ஓடிச்சென்று ஆசி பெற்றுத் திரும்புமுன் உயிர் பிரிந்துவிட்டது. அன்று யூலை 31. பாரிசிற் கூடிய எழுவர் அப்போது ஏறக்குறைய ஆயிரம் பேராய்ப் பெருகியிருந்தனர்.

சபைக்குத் தபால் தவறக்கூடாதென்று பதினைந்து ஆண்டுகள் கற்பித்தவருக்கு, அத்தபால் தவறாமையாலேயே கடைசி விருப்பம் நிறைவேறாது போயிற்று. அவர் அதற்காக முகஞ் சுளித்ததாக எவரும் எழுதவில்லை. பொலாங்கோவோ ஒரு வாரத்துக்குள் அம்மாலை நிகழ்ந்ததைத் தம் பிழையையும் மறையாது எழுதித் தோழர்க்கு அனுப்பினார். அதன்பின் தலைவராய் வந்த இருவர்க்கும் காரியதரிசியாயிருந்து 1573 வரை எழுதிக்கொண்டேயிருந்தார்.

இந்தியக் கப்பல்கள் அடுத்த மார்ச்சிலேதான் புறப்பட்டிருக்கும். அவை வந்து சேரும் வரைக்கும், புன்னைக்காயலிலும் வேம்பாற்றிலும் இருந்தவர்கள் தம் தலைவர் இறந்ததை அறியாமல், அவர் பெயரை முகப்பில் இட்டு, பரதவர் செய்தியும் தமிழ்ச் செய்தியும் எழுதிக் கொச்சிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அக்கடிதங்களைப் பிரித்துப் படிக்க உரோமாபுரியிலே பொலாங்கோ இருந்தார்.